இரண்டு டாலிவர்கள்

மே 19, செவ்வாய்க்கிழமை. பகல் 12:14.

செத்து மூன்று மாதமான லாய்ட் ரெட்லின், தன் அணியில் இரண்டு புதிய ஆட்டக்காரர்களைச் சேர்த்துக்கொண்டார்.

அந்தச் செய்தி மார்னி குபியாக்கின் கைப்பேசியில் வந்து விழுந்தபோது, அவள் மில்வாக்கி நகரத்தின் தெற்குப் பக்கத்தில் ஒரு தெருவோரம் மண்டியிட்டிருந்தாள். இரும்புக் கம்பியின் ஒரு முனை தண்ணீர்க் குழாயில், மறு முனை அவள் காதில். நகரக் குடிநீர்த் துறையில், நிலத்துக்கடியில் ஓடும் குழாய்கள் எங்கே கசிகின்றன என்று கண்டுபிடிப்பது அவள் வேலை. இருபத்தாறு வருஷமாக அதைத்தான் செய்கிறாள்.

கம்பியைக் கீழே வைத்துவிட்டுத் திரையைப் பார்த்தாள்.

"ரெட்லின் அணி: டாலிவர், பிட்சர், சேர்க்கப்பட்டார்."

"ரெட்லின் அணி: டாலிவர், வெளிக்களம், சேர்க்கப்பட்டார்."

அடுத்த நிமிஷமே கைப்பேசி அலறியது. கிப் லிண்ட்வால். வானொலி நிலையத்துக்கு விளம்பரம் பிடித்துக் கொடுக்கிறவன். குரலைத் தாழ்த்திப் பேசத் தெரியாதவன்.

"பார்த்தியா?"

"பார்த்தேன்."

"டாலிவர். ஒண்ணு இல்லை, ரெண்டு. என்ன, செத்தவனுக்குப் பசி ஜாஸ்தியாயிடுச்சா?"

"கிப், நான் நடுத்தெருவுல மண்டி போட்டிருக்கேன்."

"எழுந்து நின்னு கேளு. இது நாலாவது தடவை. எல்லா அணிக்கும் மாத்துச் சாவி ஒருத்தர்கிட்டதான் இருக்கு. லீக் தலைவர்கிட்ட. நம்ம லீக்குக்கு யாரு தலைவி?"

மார்னி எழுந்து முழங்கால் மண்ணைத் தட்டிவிட்டாள்.

"வெள்ளிக்கிழமை ஹெக்டர் கடையில மீன் சாப்பிட எல்லாரும் வர்றோம். அதுக்குள்ள அது யாருன்னு சொல்லு. இல்லைன்னா நான் கிளம்பறேன். அஞ்சு பேர் என்கூட வர்றதாச் சொல்லியாச்சு. மிச்சம் ஆறு அணியை வெச்சுக்கிட்டு நீ லீக் நடத்து, அந்தப் பேயோட அணியையும் சேர்த்து."

"அவ்வளவு நம்பிக்கையா என்மேல?"

"தண்ணி எங்கே கசியுதுன்னு கண்டுபிடிக்கிறவதானே நீ? இந்தச் சேதி எங்கே கசியுதுன்னு கண்டுபிடியேன்."

வைத்துவிட்டான்.

அந்த லீக்கில் பன்னிரண்டு பேர். இணையத்தில் ஆளுக்கொரு அணி. அணிதான் கற்பனை, ஆட்டக்காரர்கள் நிஜம். பெரிய மைதானங்களில் பேஸ்பால் ஆடுகிறவர்களைப் பங்கு பிரித்து ஆளுக்கு நாற்பது பேரை வைத்துக்கொள்வார்கள். அவர்கள் அங்கே அடிப்பதும் எறிவதும் இங்கே புள்ளியாக ஏறும். வேறு லீக்குகளில் வருஷம் முடிந்தால் கலைத்துவிட்டு, அடுத்த வருஷம் புதிதாகப் பிரிப்பார்கள். இது பரம்பரை லீக். ஒருவனை எடுத்தால் எடுத்ததுதான். பதினெட்டு வயதில் பிடித்து வைத்த பையன் பெரிய ஆளாகி, தாடி நரைத்து ஓய்வு பெறும்வரை உன் அணியில்தான் இருப்பான். இருபத்திரண்டு வருஷமாக இது நடக்கிறது. அதற்குள் பன்னிரண்டு பேரில் மூன்று பேருக்கு விவாகரத்தாகிவிட்டது. ஆனால் லீக்கை விட்டு ஒருவரும் போனதில்லை, லாய்ட்டைத் தவிர.

லாய்ட் துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டி ஓய்வு பெற்றவர். பிப்ரவரியில் ஒரு பனி நாளில் தூக்கத்திலேயே போய்விட்டார். அவர் அணியை என்ன செய்வது என்று மார்ச் மாதம் லீக்கின் செய்திப் பலகையில் பேச்சு வந்தது. கிப்தான் எழுதினான்: "இந்த வருஷம் அப்படியே இருக்கட்டும். ஜூலை முதல் தேதி அன்று கடைசி இடத்தில் இருந்தால் கலைத்துப் பங்கு போட்டுவிடலாம்." எல்லோரும் சரியென்றார்கள். யாரும் தொடாத அணி கடைசிக்குத்தான் போகும் என்று எல்லோருக்கும் தெரியும்.

ஆனால் ஏப்ரலில் அந்த அணி தானாக நகர ஆரம்பித்தது. காயம்பட்டவன் வெளியே போனான், நல்லவன் உள்ளே வந்தான். அப்படி வந்தவர்களில் இரண்டு பேரை, மறுநாளே மில்வாக்கியின் நிஜ அணியான ஊர் அணி தன் கீழ்நிலை அணியிலிருந்து மேலே அழைத்தது. இறந்தவரின் வீட்டில் யாராவது ஆசைக்கு ஆடுகிறானாக்கும் என்று மார்னி கண்டுகொள்ளாமல் விட்டிருந்தாள். இப்போது ரெட்லின் அணி ஏழாம் இடத்தில் இருந்தது.

மாலை 6:30.

லாய்ட்டின் ஒரே மகன் டேல், அரிசோனாவில் இருந்தான். தொலைபேசியில் அவன் குரல் களைத்திருந்தது.

"பேஸ்பாலா? நானா? சின்ன வயசுல அப்பா என்னை இழுத்துட்டுப் போய் உட்கார வெச்ச ஆட்டமே இந்த ஜென்மத்துக்குப் போதும்."

"கடவுச்சொல் உனக்குத் தெரியுமா?"

"அப்பாவோட வங்கிக் கணக்குக் கடவுச்சொல்லே எனக்குத் தெரியாது."

"அவர் கம்ப்யூட்டர்?"

"பெட்டியில கட்டி அடித்தளத்துல கிடக்கு. வீட்டை இந்தக் கோடையில விக்கப்போறேன். அதுவரைக்கும் மாடியில குடியிருக்கிற பா ஹுவாதான் பார்த்துக்கறாங்க. நல்ல மனுஷி. குழாய் உறைஞ்சுடாம, புல் வளர்ந்துடாம." கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னான்: "ஒண்ணு கேட்கட்டுமா? அப்பா கடைசிவரைக்கும் இந்த விளையாட்டை ஆடிட்டிருந்தாரா?"

"போன வருஷம் மூணாவது இடம்."

"எப்படிங்க? மூணு வருஷமா அவருக்குக் கண்ணே தெரியலையே. தட்டுல இருக்கறது கிழங்கா கறியான்னு தெரியாது அவருக்கு."

மார்னி கைப்பேசியைக் காதிலிருந்து எடுத்து, அதையே பார்த்தாள். மூன்று வருஷம். வாரம் நான்கு செய்தியாவது லாய்ட்டிடமிருந்து வரும். கேலி, வசவு, பேரம். ஒரு எழுத்துப் பிழை இருக்காது. கண் போய்விட்டது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை அந்த மனுஷன்.

அப்படியானால் அவருக்காக யாரோ படித்திருக்கிறார்கள். யாரோ எழுதியிருக்கிறார்கள்.

மே 20, புதன்கிழமை. மாலை 5:10.

ஊர் அணி அறிவித்தது: ஒருவருக்கு முழங்கை வலி, அவருக்குப் பதிலாகக் கீழ்நிலை அணியிலிருந்து, பந்தெறிகிற பிட்சர் டாலிவர் மேலே அழைக்கப்படுகிறார்.

மார்னி அப்போது ஹெக்டர் அயாலாவின் மதுக்கடையில், நீண்ட மேஜையின் முனையில் உட்கார்ந்திருந்தாள். ஹெக்டரும் பன்னிரண்டில் ஒருவன். கோப்பையைத் துடைத்தபடியே தொலைக்காட்சியைப் பார்த்துச் சீட்டியடித்தான்.

"இருபத்தொம்பது மணி நேரம் முன்னாடியே தெரிஞ்சிருக்கு பேய்க்கு."

"கிட்ட வா, இதைப் பாரு." மார்னி ஒரு காகிதத்தை நகர்த்தினாள். "ஏப்ரல் 9, பகல் 12:17. ஹார்கிஸை எடுத்தாச்சு. மறுநாள் ஊர் அணி ஹார்கிஸை மேலே கூப்பிடுது. மே 5, 12:20. குயின்டல். மறுநாள் காலையில குயின்டலை மேலே கூப்பிடுது. நேத்து, டாலிவர்."

"மூணும் ஊர் அணி ஆளுங்க."

"வேற எந்த ஊர் அணியிலயும் பேய்க்கு ஜோசியம் பலிக்கலை. நடுவுல ஒண்ணு இருக்கு பாரு. ஏப்ரல் 22, 12:11. வென்டார்ஃப்."

"யாரு அவன்?"

"அதான். இன்னிவரைக்கும் கீழ்நிலை அணியிலயே கிடக்கான். மேலே கூப்பிடவே இல்லை. அன்னிக்கு ஊர் அணியில ஒருத்தனுக்கு முழங்கால்ல அடி. ஸ்கேன் எடுத்தாங்க, ஒண்ணுமில்லைன்னு ஆயிடுச்சு. அதனால வென்டார்ஃப் தேவைப்படலை."

ஹெக்டர் குரலைத் தாழ்த்தினான். "அணி அலுவலகத்துல யாரோ இருக்காங்க மார்னி. இல்லைன்னா ஆட்டத்தை ஒலிபரப்பற ரேடியோ ஸ்டேஷன். கிப் எங்கே வேலை பார்க்கறான்? கத்தறவனே திருடனா இருந்தா?"

"கிப்புக்குத் தெரிஞ்சிருந்தா தன் அணிக்கே எடுத்திருப்பானே. எதுக்கு லாய்ட்டுக்குக் கொடுக்கணும்?"

கதவு திறந்தது. கிப் உள்ளே வந்தான், ஏரிக்காற்றில் காது சிவந்து. அவர்களைப் பார்த்ததும் நின்றான். பிறகு நேராக வந்து மேஜையில் கை ஊன்றினான்.

"கண்டுபிடிச்சிட்டியா?"

"இல்லை. உன்கிட்ட ஒண்ணு கேட்கணும். போன வாரம் பீஸ்லியை மேலே கூப்பிட்டாங்களே, நம்ம யார் அணியிலயும் இல்லாம பொதுப் பட்டியல்ல சும்மாதானே கிடந்தான்? அவனைப் பேய் எடுக்கலையே?"

"நான்தான் எடுத்தேன். அறிவிப்பு வந்து ரெண்டாவது நிமிஷம்." கிப்புக்குத் தன்னையறியாமல் பெருமை வந்தது. "போன வருஷமே ஆறு வாரம் இங்கே ஆடினவன். எவனுக்கும் ஞாபகம் இல்லை. பேய்க்கும் இல்லை."

"உன் பேய்க்குப் புது ஆளுங்களை மட்டும்தான் தெரியுது."

"பேச்சை மாத்தாதே. அந்த அணியைப் பூட்டு. சாவி உன்கிட்ட இருக்கில்ல?"

"பூட்டினா கை நின்னுடும். யார் கைன்னு கடைசிவரைக்கும் தெரியாது. எனக்கு வெள்ளிக்கிழமை வரைக்கும் நேரம் கொடுத்திருக்க."

அவன் எதுவும் குடிக்காமலே போய்விட்டான்.

"ரெண்டு டாலிவரும் அண்ணன் தம்பியா?" என்றான் ஹெக்டர்.

"ரெண்டு பேரும் ஊர் அணியோட கீழ்நிலை அணியில இருக்காங்க, அவ்வளவுதான். ஒருத்தன் ஜார்ஜியா, ஒருத்தன் ஆரிகன். ஒருத்தன் கறுப்பு, ஒருத்தன் வெள்ளை. ஒருத்தன் எறியறவன், ஒருத்தன் ஓடிப் பிடிக்கிறவன். அணி அலுவலகத்துல இருக்கிற எவனுக்கும் எந்த டாலிவர்னு தெரியாமப் போகாது, ஹெக்டர். ரேடியோக்காரனுக்கும்தான். எதுக்கு ரெண்டு பேரையும் எடுக்கணும்?"

அந்தக் கேள்வியோடுதான் அன்று வீட்டுக்குப் போனாள்.

மே 21, வியாழக்கிழமை. காலை 9:05.

குடிநீர்த் துறையின் சாமான் அறைக்கு வரச்சொல்லி மார்னிக்கு அழைப்பு. போனால் அங்கே சாக்கடைப் பிரிவிலிருந்து ஓர் இளைஞன் ஏற்கெனவே நின்றிருந்தான். அவனும் குபியாக்தான். அந்த ஊரின் தெற்குப் பக்கத்தில் கல்லெறிந்தால் ஒரு குபியாக்மேல் விழும்.

சாமான் அறைக்காரர் புதுச் சீருடைச் சட்டை ஒன்றைத் தூக்கிக் காட்டினார். மார்பில் 'குபியாக்' என்று தைத்திருந்தது.

"தைக்கக் கொடுத்த இடத்துலேர்ந்து இது தனியா வந்திருக்கு. சீட்டு தொலைஞ்சுபோச்சு. எந்த குபியாக்னு எனக்கு எப்படித் தெரியும்? அதான் ரெண்டு பேரையும் கூப்பிட்டேன்."

இளைஞன் சிரித்தபடி சட்டையை வாங்கித் தோளில் வைத்துப் பார்த்தான். மார்னி சிரிக்கவில்லை. அசையாமல் நின்றாள். குழாயில் காதை வைத்திருக்கும்போது, ஓடும் நீரின் இரைச்சலுக்குள்ளே மெல்லிய ஒரு சீறல் கேட்குமே, அப்படிக் கேட்டது அவளுக்கு.

வெளியே வந்து ஹெக்டரைக் கைப்பேசியில் அழைத்தாள்.

"ஊர் அணியோட சட்டையில பேரெல்லாம் யாரு தைக்கறாங்க?"

"லிங்கன் அவென்யூல, மூடின ரொட்டிக்கடைக்குப் பக்கத்துல ஒரு தையல் கடை. நம்ம பௌலிங் சட்டை அங்கேதானே கொடுத்தோம்? சுவரெல்லாம் ஆட்டக்காரங்க போட்டோ மாட்டியிருக்கும். ஏன்?"

"சும்மாதான்."

காலை 11:50.

மார்னி குடிநீர்த் துறை வண்டியைத் தையல் கடையின் பின்பக்கச் சந்தில் நிறுத்தினாள். அங்கே அந்த வண்டியை யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். வெயில் இருந்தது, சூடு இல்லை.

12:00. கடையின் பின்கதவு திறந்தது. இரண்டு பெண்கள் சிரித்துக்கொண்டே தெருப்பக்கம் போனார்கள்.

12:03. இன்னொரு பெண். ஐம்பதைத் தாண்டியவள். குட்டையான உருவம், தென்கிழக்கு ஆசியாவின் ஹ்மொங் இனத்து முகம், கழுத்தில் தொங்கும் மூக்குக் கண்ணாடி. சந்தில் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்தாள். ஒட்டும் சோற்றை விரலால் உருட்டி மிளகாய்த் துவையலில் தொட்டு இரண்டு வாய் சாப்பிட்டாள். விரலைத் துடைத்தாள். கைப்பேசியை எடுத்தாள்.

12:09. மார்னியின் கைப்பேசி அதிர்ந்தது.

"ரெட்லின் அணி: டாலிவர், வெளிக்களம், விடுவிக்கப்பட்டார்."

மார்னி வண்டியை விட்டு இறங்கினாள்.

"பா ஹுவாதானே நீங்க? லாய்ட் வீட்டு மாடியில இருக்கறவங்க?"

அந்தப் பெண் கைப்பேசியை மடியில் கவிழ்த்து வைத்தாள். அவ்வளவுதான். ஓடவில்லை, மறுக்கவில்லை. மார்னியின் சட்டை மார்பில் இருந்த பெயரைப் படித்தாள்.

"குபியாக். லீக் தலைவி." மெல்லத் தலையாட்டினாள். "உங்களுக்கு நான் நிறையக் கடிதம் அடிச்சிருக்கேன்."

"எந்த டாலிவர்னு உங்களுக்குத் தெரியலை, இல்லையா?"

"தெரியலை. இங்கிலீஷ்ல எட்டு எழுத்து. அவ்வளவுதான் எனக்குக் கொடுத்தாங்க. அப்புறம் டிவியில பார்த்துத் தெரிஞ்சுக்கிட்டேன்."

பெஞ்சில் இடம் விட்டு நகர்ந்தாள். மார்னி உட்கார்ந்தாள்.

"மூணு வருஷமா அவருக்கு நான்தான் கண்ணு," என்றாள் பா ஹுவா. "சாயங்காலம் கீழே போவேன். திரையில இருக்கறதைப் படிச்சுச் சொல்லுவேன். யாரை எடுக்கணும், யாரை விடணும்னு அவர் சொல்லுவார். நான் அழுத்துவேன். இங்கே நான் என்ன தைக்கறேன்னு ஒரு நாளும் அவர்கிட்ட சொன்னதில்லை. கடையில கையெழுத்து வாங்கியிருக்காங்க, வெளியே பேசக்கூடாதுன்னு. அவரும் ஒரு நாள்கூடக் கேட்டதில்லை. கேட்டா ஆட்டத்தோட ருசி போயிடும்பார்."

"அப்புறம் ஏன்?"

"பலகையில படிச்சேன், கடைசி இடத்துக்குப் போனா கலைச்சுடுவாங்கன்னு. இருபத்திரண்டு வருஷம் அவர் சேர்த்தது." அவள் டப்பாவை மூடினாள், திறந்தாள். "ஏப்ரல்ல ரெண்டு பேருக்கு அடிபட்டு இடம் காலி. யாரைப் போடறது? அவர் இருந்தப்போ எல்லாம் அவருக்குத் தெரியும். அவர் போனப்புறம் எனக்குத் தெரிஞ்சது, நான் தைச்ச பேருங்க மட்டும்தான். அன்னிக்குக் காலையில ஹார்கிஸ்னு ஆறு எழுத்து தைச்சிருந்தேன். மத்தியானம் அந்தப் பேரைத் தேடினேன்."

"யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"யார்கிட்டயும் இல்லை. சத்தியமா. ஆனா அது தப்புதான்னு எனக்குத் தெரியும். ஒவ்வொரு தடவையும் சோறு இறங்காது."

மார்னி சந்தின் கோடியைப் பார்த்தாள். நாளை மாலை பெயரைச் சொல்லியாக வேண்டும். சொன்னால் இந்தப் பெண்ணின் வேலை போகலாம். சொல்லாவிட்டால் லீக் போகும்.

"நாளைக்கு ஆறு மணிக்கு எல்லாரும் கூடறோம். நான் யாருன்னு மட்டும் சொல்றேன். எங்கே வேலைன்னு சொல்லமாட்டேன்."

"அது பாதிப் பேச்சு. பாதிப் பேச்சைக் கிப் நம்பமாட்டார். எனக்கு அவரைத் தெரியும்." பா ஹுவா எழுந்து மடியைத் தட்டிக்கொண்டாள். "நானே வர்றேன்."

மே 22, வெள்ளிக்கிழமை. மாலை 6:00.

ஹெக்டரின் நீண்ட மேஜையில் பதினோரு பேரும் இருந்தார்கள். வறுத்த மீன், உருளைக்கிழங்கு ரொட்டி, கோஸ் பச்சடி. யாரும் கை வைக்கவில்லை. மார்னிக்குப் பக்கத்தில் பா ஹுவா, கையில் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு. அது யாரென்று ஒருவரும் கேட்கவில்லை. எல்லோரும் கேட்க நினைத்தார்கள்.

"சொல்லு," என்றான் கிப்.

"சொல்றதுக்கு முன்னாடி ஒண்ணு. இந்த மேஜையில கேட்டது இந்த மேஜையோட போயிடணும். ஒருத்தரோட சோறு இதுல இருக்கு. கையைத் தூக்குங்க."

பத்துக் கைகள் உயர்ந்தன. கிப்பின் கை கடைசியாக.

"பேயோட கணக்கை நாம எல்லாரும் பார்த்தோம். ஆனா அது பலிச்ச இடத்தை மட்டும் பார்த்தோம். ஹார்கிஸ், குயின்டல், டாலிவர். உள்ளே இருக்கிற யாரோ சொல்றாங்கன்னு நினைச்சோம். தப்பின இடத்தைப் பார்த்திருக்கணும். மூணு இடத்துல தப்பியிருக்கு."

மார்னி விரலை மடக்கினாள்.

"ஒண்ணு, வென்டார்ஃப். அவனை மேலே கூப்பிடவே இல்லை. ஆனா கூப்பிட வேண்டியிருக்கும்னு ஏற்பாடு நடந்திருக்கு. ஆக, முடிவு எடுக்கறவங்க இல்லை, ஏற்பாடு பண்றவங்க. ரெண்டு, பீஸ்லி. நிஜமாவே மேலே வந்தான், பேய் கோட்டை விட்டுது. ஏன்? போன வருஷம் இங்கே ஆடினவன். அவனுக்காக எதையும் புதுசாத் தயார் பண்ண வேண்டியதில்லை, ஏற்கெனவே இருக்கு. மூணாவதுதான் என்னை ரெண்டு நாள் தூங்கவிடலை. டாலிவர். சேதி சரி, ஆனா எந்த டாலிவர்னு சேதியில இல்லை. ஜாதகத்தையே தெரிஞ்சு வெச்சிருக்கிற மாதிரி இருக்கு, முதல் பேர் தெரியலை! புது ஆள் வரும்போது மட்டும் தேவைப்படறது, ஊருக்கு வர்றதுக்கு முன்னாடி நாளே தயாராகறது, குடும்பப் பேர் மட்டும் இருக்கறது. என்ன அது?"

ஹெக்டர் தன் பௌலிங் சட்டையைக் குனிந்து பார்த்தான். "அடப்பாவி. முதுகுல தைக்கிற பேர்."

"முதுகுல தைக்கிற பேர். இவங்க பா ஹுவா லோர். லாய்ட் வீட்டு மாடியில குடியிருக்கறவங்க. ஊர் அணிச் சட்டையில பேர் தைக்கறவங்க. கடைசி மூணு வருஷம் லாய்ட்டுக்குக் கண்ணு தெரியலை. நமக்கு யாருக்கும் அது தெரியாது. அவருக்காகப் படிச்சதும் அடிச்சதும் இவங்கதான்."

மேஜை முழுக்கப் பேச்சு எழுந்தது. கிப் மட்டும் தட்டைத் தள்ளி வைத்தான். அவன் முகம் விசித்திரமாக மாறியிருந்தது.

"கண்ணு தெரியலையா?" என்றான் கடைசியில். "போன ஆகஸ்ட்ல அவன் வாசல்ல நின்னு அரை மணி நேரம் பேசினேனே. என் புதுக் காரைப் பார்த்து நிறம் கேவலமா இருக்குன்னானே."

"என்ன நிறம்னு நான் முன்னாடியே சொல்லி வெச்சிருந்தேன்," என்றாள் பா ஹுவா.

கிப் ஒரு கையால் முகத்தை மூடிக்கொண்டான். கையை எடுக்காமலே பேசினான். "என் ஃபோன்ல அவன் பேர் வரும். வந்த உடனே அரை நொடி, அவன் இருக்கான்னு நினைச்சுடறேன். அப்புறம் இல்லைன்னு ஞாபகம் வருது. ஏப்ரல்லேர்ந்து நாலு தடவை அவனைப் புதைச்சுட்டேன் நான். அதான் கத்தினேன். மார்னி, உன்னை எதுக்கு இழுத்தேன்னு எனக்கே தெரியலை."

"தெரியும், விடு."

பா ஹுவா நோட்டுப் புத்தகத்தைத் திறந்தாள். "தைச்ச பேரை வெச்சு எடுத்த எல்லாரையும் திருப்பிக் கொடுத்துடறேன். அவங்க எடுத்துக் கொடுத்த புள்ளி நூற்றுப்பதினாலு. அதையும் கழிச்சுக்கோங்க. அணியையும் நீங்க சொல்றபடி விட்டுடறேன்."

"கழிச்சா என்ன இடம்?" என்றான் ஹெக்டர்.

"பத்தாவது."

"கடைசி இல்லையே."

கிப் கையை முகத்திலிருந்து எடுத்தான். கண் சிவந்திருந்தது, ஆனால் கிப் பழைய கிப்பாக நிமிர்ந்து உட்கார்ந்தான். "கடைசி மூணு வருஷம் எனக்கு வந்த செய்தி எல்லாம் நீங்க அடிச்சதா?"

"அவர் சொல்லுவார், நான் அடிப்பேன்."

"என்னைத் திட்டினதெல்லாம்?"

"அதுல பாதியை நான் அனுப்பவே இல்லை."

முதலில் சிரித்தது கிப்தான். பிறகு மேஜையே அதிர்ந்தது. மார்னி அந்த இரைச்சல் அடங்கும்வரை காத்திருந்து, தலைவர் குரலில் கேட்டாள்: "எடுத்தவங்களைத் திருப்பிட்டு, புள்ளியைக் கழிச்சுட்டு, அந்தக் கடையில வேலை பார்க்கிற வரைக்கும் ஊர் அணிப் புது ஆளுங்களைத் தொடமாட்டேன்னு வாக்குக் கொடுத்தா, ரெட்லின் அணி இனிமே பா ஹுவா லோர் பொறுப்புல. யாருக்காவது ஆட்சேபணை?"

ஒரு கையும் உயரவில்லை. ஹெக்டர் இன்னொரு தட்டு மீன் கொண்டுவந்து பா ஹுவாவின் முன்னால் வைத்தான்.

அவள் ஒரு துண்டு சாப்பிட்டாள். நோட்டில் இரண்டு பக்கம் தள்ளினாள். பிறகு கிப்பைப் பார்த்தாள்.

"உங்க மூணாம் தள ஆட்டக்காரன் ரெண்டு வாரமா பந்தை ஒரே பக்கமா அடிக்கறான். கையை முழுசா வீசலை. தோள்ல ஏதோ இருக்கு. தினமும் டிவியில பார்க்கறேன், வலியை ஒளிச்சு ஆடறான். அவனை எனக்குக் கொடுத்துடுங்க. பதிலுக்கு ரெண்டு பிட்சர் தர்றேன், ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க."

கிப் சந்தேகமாகக் கண்ணைச் சுருக்கினான். "அடிபட்டவன்னு நீங்களே சொல்றீங்க. அவனை வாங்கி என்ன பண்ணப்போறீங்க?"

"இருபத்து மூணு வயசுதானே அவனுக்கு? தோளு தேறிடும். இந்த வருஷம் எனக்குப் பத்தாம் இடம் போதும்." அவள் பேனாவின் மூடியைத் திறந்தாள். "அடுத்த வருஷமும் நாம ஆடுவோம்தானே?"

கிப் மார்னியைப் பார்த்தான். மேஜையில் இருந்த மற்றவர்களும் அவளைப் பார்த்தார்கள்.

"ஆடுவோம்," என்றாள் மார்னி. "மூணு பிட்சர் கேளு கிப், ரெண்டுக்கு ஒத்துக்காதே."